பென்சிலால் அடித்த வரி

2014 மார்ச் கடைசியில் ஒரு மாலை. ஒத்தக்கடையில் உயர்நீதிமன்றக் கிளை வேலை முடிந்து சேம்பருக்குத் திரும்பியபோது குமாஸ்தா உள்ளே வந்து, “சார், ஒரு புரொபசரும் அவங்க வீட்டம்மாவும் ரெண்டு மணி நேரமா உட்கார்ந்திருக்காங்க. டீ கூட வேண்டாம்னுட்டாங்க” என்றார்.

வந்தவருக்கு ஐம்பத்தாறு வயது. மடியில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து மூன்றை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். ஒரு சஸ்பென்ஷன் உத்தரவு, ஒரு சார்ஜ் மெமோ, ஒரு சிற்றிதழ். தென்மாவட்டத்தில் அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியில் இருபத்தேழு வருடமாகத் தத்துவம் சொல்லிக்கொடுப்பவர் அவர். அந்த வழக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவருடைய அனுமதி உண்டு. தன் பெயரும் ஊரும் கல்லூரிப் பெயரும் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

தமிழ்நாட்டில் தத்துவத் துறை உள்ள கல்லூரிகள் குறைவு. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த துறை ஆள் சேராமல் தேய்ந்து, கடைசியில் அவர் ஒருவர்தான் மிச்சம். வேறு பாடம் படிக்கிற பிள்ளைகளுக்கு அறவியலும் தர்க்கமும் துணைப்பாடமாக எடுத்துவந்தார். கல்லூரிக்கு வெளியே அவர் எழுதிவந்ததோ பெரும்பாலும் ஒரே பொருள்பற்றி: தன் பாலினத்தவரை நேசிக்கிறவர்களைச் சட்டம் எப்படி நடத்துகிறது? 2009 ஜூலை 2ஆம் தேதி நாஸ் பவுண்டேஷன் வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம், வயதுவந்த இருவர் தனிமையில் மனமொப்பிச் செய்வதை இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு தண்டிக்கக் கூடாது என்று சொன்ன நாளிலிருந்து எழுதிவந்தார். இருநூறு முந்நூறு பிரதி அச்சாகும் இதழ்கள்தான். கல்லூரியில் யாரும் படித்ததில்லை.

2013 டிசம்பர் 11இல் உச்சநீதிமன்றம் சுரேஷ் குமார் கௌஷல் வழக்கில் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, இந்த மக்கள் நாட்டின் தொகையில் மிகச் சிறு பங்கினர், நூற்றைம்பது வருடத்தில் இருநூறு பேருக்கும் குறைவானவர்கள் மீதே வழக்கு நடந்திருக்கிறது என்பது. அடுத்த மாதமே அவர் ஏழு பக்கக் கட்டுரை எழுதினார். உரிமையைத் தலை எண்ணிக் கொடுப்பதில்லை என்பது அதன் முதல் பாதி. அருவருப்பைப் பற்றியது இரண்டாம் பாதி. ஒருவரைப் பார்த்தால் எனக்குக் குமட்டுகிறது என்பது அவர் செய்த குற்றமாகுமா என்று கேட்டிருந்தார். நம் டீக்கடைகளில் தனிக் குவளை வைத்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள், அவர்களுடைய குமட்டலைச் சட்டம் மதித்திருந்தால் இன்றைக்கும் குவளை இரண்டாகத்தான் இருக்கும் என்று எழுதியிருந்தார்.

யாரோ அதை ஜெராக்ஸ் எடுத்துத் தாளாளருக்கு அனுப்பிவிட்டார்கள். பிப்ரவரி 20ஆம் தேதி சஸ்பென்ஷன். கூடவே மூன்று குற்றச்சாட்டுகள். உச்சநீதிமன்றம் குற்றம் என்று உறுதி செய்த செயலை ஆதரித்து எழுதிக் கல்லூரிக்கு இழுக்குத் தேடியது ஒன்று. அனுமதி பெறாமல் வெளியிட்டது இரண்டு. “அருவருக்கத்தக்க கருத்துகளை” வகுப்பறையில் மாணவர்களுக்குப் புகுத்தியது மூன்று.

அந்த ஒரு சொல்லின்கீழ் அவர் பென்சிலால் கோடு போட்டிருந்தார். “வக்கீல் சார், நான் எழுதினது இந்தச் சொல்லைப் பத்தித்தான். அதையே குற்றச்சாட்டா எழுதிக் கொடுத்திருக்காங்க. இதுக்குப் பதில் எழுத எனக்கு ஒரு இடம் வேணும். மத்தது எதுவானாலும் பரவாயில்ல” என்றார்.

என் கண் வேறொன்றில் இருந்தது. 1976ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி சஸ்பென்ஷன் இரண்டு மாதத்துக்குமேல் தாங்காது. அதற்குள் விசாரணையை முடிக்க வேண்டும். முடியாமல் போனதற்கு ஆசிரியரே காரணம் என்றால்தான் கல்வித் துறை அதிகாரி இன்னும் கொஞ்சம் நீட்டித்துத் தரலாம். இல்லாவிட்டால் ஆசிரியர் வேலையில் திரும்பச் சேர்ந்துவிட்டதாகவே சட்டம் கொள்ளும். விசாரணை அதிகாரியையே நிர்வாகம் இன்னும் நியமிக்கவில்லை. “சார், ஏப்ரல் 20 வரைக்கும் அமைதியா இருப்போம். மெமோவுக்கு விளக்கம் மட்டும் கொடுத்துடுங்க. தேதி தாண்டினதும் ரிட் போடுவோம்” என்றேன். ஒரு வக்கீலாக அன்று சரியானதைத்தான் சொன்னேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

காத்திருந்த அந்த நான்கு வாரமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வந்தார். மூன்றாவது குற்றச்சாட்டுக்குப் பதில் எழுத, வகுப்பில் அவர் என்ன நடத்தினார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்டேன். டென்வர் நகரத்தில் நடந்த ஒரு வழக்கை நடத்தியதாகச் சொன்னார். மார்த்தா நுஸ்பாம் என்ற பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வர், போல்டர், ஆஸ்பென் ஆகிய ஊர்களின் நகர மன்றங்கள், ஒருவர் ஓரினச் சேர்க்கையாளர் என்பதற்காக வேலையோ வீடோ மறுக்கக் கூடாது என்று விதி செய்திருந்தன. 1992 நவம்பரில் மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு வைத்து, அரசியல் சட்டத்தில் இரண்டாம் திருத்தம் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். நூற்றுக்கு ஐம்பத்துமூன்று பேர் ஆதரித்தார்கள். மேற்படி விதிகள் செல்லாது, இனி எந்த ஊரும் அப்படி விதி செய்யவும் கூடாது என்பது அந்தத் திருத்தம். டென்வர் மேயர் அலுவலகத்தில் வேலைபார்த்த ரிச்சர்டு எவன்ஸும் வேறு சிலரும் வழக்குப் போட்டார்கள். கவர்னர் ராய் ரோமர் அந்தத் திருத்தத்தை எதிர்த்தவர்தான். ஆனாலும் மாநிலத்தின் தலைவர் என்பதால் எதிர்மனுதாரராக அவர் பெயரே வழக்கில் நிலைத்தது.

1993 அக்டோபரில் நீதிபதி ஜெஃப்ரி பேலிஸ் முன்னால் விசாரணை. மாநில அரசு தன் தரப்பில் தத்துவம் படித்தவர்களைக் கொண்டுவந்தது. ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ஜான் ஃபின்னிஸ், ஒருபாலுறவு தவறு என்பது கிறிஸ்தவ மதம் கொண்டுவந்த எண்ணம் அல்ல, அதற்கு முன்பே சாக்ரடீஸும் பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் பகுத்தறிவால் எட்டிய முடிவு என்று வாதிட்டார். மதச்சார்பற்ற அரசும் அதை ஏற்கலாம் என்று சொல்ல இது வழிசெய்யும். இதை மறுக்கக் கூண்டில் ஏறியவர் நுஸ்பாம். அப்போது பிரவுன் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். கிரேக்கம் படித்துத் துறைபோனவர். கிரேக்க நாடகங்களையும் தத்துவத்தையும் பற்றி 1986இல் அவர் எழுதிய பெரிய நூல் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்தது.

சண்டை ஒரு சொல்லில் வந்து நின்றது. பிளேட்டோவின் ‘சட்டங்கள்’ நூலில் ‘தோல்மேமா’ என்று ஒரு சொல். துணிந்து செய்யும் செயல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம் என்பது நுஸ்பாமின் கட்சி. வெட்கங்கெட்ட செயல் என்று கண்டிக்கும் சொல் என்றது எதிர்த்தரப்பு. கிரேக்க அகராதியின் பழைய பதிப்பை அவர் துணைக்கு எடுத்தார். திருத்திய புதுப் பதிப்பை விட்டது ஏன் என்று எதிர்த்தரப்புப் பேராசிரியர்கள் கடுமையாகச் சாடினார்கள். மறு ஆண்டே வர்ஜீனியா சட்ட இதழில் நீண்ட கட்டுரை எழுதி அவர் தன் வாசிப்பை நிலைநாட்ட முயன்றார். கற்றவர்களிடையே அந்தச் சர்ச்சை வருடக்கணக்கில் நீடித்தது.

“நீங்க எந்தப் பக்கம் சார்?” என்று கேட்டேன்.

“அந்த ஒரு சொல்லுல அவங்க சொல்றது முழுக்கச் சரின்னு பிள்ளைகள்கிட்ட நான் சொல்லல. பிளேட்டோ ‘விருந்து’ங்கற நூல்ல ஆணுக்கு ஆண் வைக்கிற காதலை உசத்திப் பேசுறார். வயசான காலத்துல எழுதின ‘சட்டங்கள்’ல அதே உறவை இயற்கைக்கு மாறானதுங்கறார். ரெண்டும் அவர்தான். ரெண்டு பக்கத்தையும் போர்டுல எழுதிப் போட்டேன். பிளேட்டோ வேண்டாம்னு சொன்னா ஒருத்தரோட வேலையைப் பிடுங்கலாமாங்கறதுதான் கடைசிக் கேள்வி. அதுக்கு வந்த பதில்களைத் திருத்தி மார்க் போட்டேன். தப்புன்னு எழுதின பையனுக்குத்தான் அந்தத் தடவை கூடுதல் மார்க். நல்லா வாதம் பண்ணியிருந்தான்.”

அந்த விடைத்தாளை வாங்கி வழக்கில் சேர்த்தேன். கருத்தைப் புகுத்துகிற ஆசிரியர், தன்னை எதிர்த்து எழுதியவனுக்கு அதிக மார்க் போடுவாரா? என் கையில் இருந்த ஆவணங்களில் அதைவிட வலுவானது எதுவும் இல்லை.

கொலராடோ வழக்கில் பேலிஸ் திருத்தத்தைச் செல்லாது என்றார். மாநில உச்சநீதிமன்றமும் அதையே சொன்னது. 1996 மே 20இல் வாஷிங்டனில் உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அதை உறுதி செய்தது. நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பின் சாரம், ஒரு பிரிவினர்மேல் உள்ள பகையைத் தவிர இந்தத் திருத்தத்துக்கு வேறு காரணம் எதுவும் தென்படவில்லை என்பது. பிளேட்டோவைப் பற்றி அதில் ஒரு வரி கூடக் கிடையாது. தோல்மேமாவும் இல்லை.

ஆனால் அந்தக் கூண்டில் ஏறியது நுஸ்பாமின் எழுத்தை விடவே இல்லை என்று பேராசிரியர் சொல்லுவார். 1995இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சட்டத்தையும் அறவியலையும் சேர்த்துக் கற்பித்தார். 2004இல் ஒரு புத்தகமும் 2010இல் இன்னொன்றும் அருவருப்பு என்ற உணர்ச்சி சட்டத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதையே ஆராய்ந்தன. தன் உடம்பைப் பற்றித் தனக்கே உள்ள கூச்சத்தை மனிதன் இன்னொரு கூட்டத்தின் தலையில் ஏற்றிவிட்டு, அவர்களைத் தீட்டு என்கிறான் என்பது அவர் வாதம். யூதர்கள், பெண்கள், நம் நாட்டில் தலித்துகள், ஒருபாலின நேசம் கொண்டவர்கள் என்று ஒரே வரிசையில் வைத்துப் பேசினார். இந்தியாவை அவருக்கு நன்றாகத் தெரியும். அமர்த்தியா சென்னோடு சேர்ந்து வேலை செய்தவர். 2000இல் வந்த நூலை அகமதாபாத்திலும் திருவனந்தபுரத்திலும் உழைக்கும் இரண்டு பெண்களின் கதையிலிருந்து தொடங்கினார். 2010 புத்தகத்தைப் பேராசிரியர் என்னிடம் இரவல் கொடுத்தார். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. தமிழில்.

படித்தபோது ஒன்று உறைத்தது. நம் நீதிமன்றத்தில் தத்துவப் பேராசிரியரை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. அரசியல் சட்ட வழக்குகள் ரிட்டாக வரும், பிரமாணப் பத்திரத்தோடு முடியும். கையெழுத்து நிபுணரையும் மருத்துவரையும் கேட்கும் நாம், 377ஆவது பிரிவில் வரும் இயற்கை என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று எவரையும் உட்காரவைத்துக் குறுக்கு விசாரணை செய்து பார்த்ததில்லை. 1860இல் எழுதிய ஒரு சொற்றொடரை வைத்துக்கொண்டு நூற்றைம்பது வருடம் ஓட்டியிருக்கிறோம். அவர் கேட்ட ‘ஒரு இடம்’ இதுதான் என்பது எனக்குத் தாமதமாகவே புரிந்தது.

ஏப்ரல் 20 போனது. நீட்டிப்பு வரவில்லை. மனு எழுதி முடித்தேன். சஸ்பென்ஷன் காலாவதி ஆனது முதல் வாதம். 377 செயலைத் தண்டிக்கிறது, கருத்தைத் தண்டிக்கவில்லை, தீர்ப்பை விமர்சிப்பது குடிமகன் உரிமை என்பது இரண்டாவது. அதற்கு நடிகை குஷ்பு வழக்கைக் காட்டினேன். திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி அவர் பத்திரிகையில் சொன்னதற்காகப் போட்ட 23 வழக்குகளை, 2010 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக மராத்திப் பேராசிரியர் சிராஸின் வழக்கையும் சேர்த்தேன். 2010இல் அவர் வீட்டுக்குள் புகுந்து, அவர் ஓர் ஆணுடன் இருந்ததைப் படம் பிடித்தார்கள், பல்கலைக்கழகம் அவரையே சஸ்பெண்ட் செய்தது, ஏப்ரல் தொடக்கத்தில் அலகாபாத் உயர்நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. சில நாளிலேயே வாடகை வீட்டில் அவர் இறந்து கிடந்தார். அந்த உத்தரவை டைப் செட்டில் வைக்கும்போது எனக்குக் கை கூசியது.

பிரமாணப் பத்திரத்தின் நான்காவது பத்தியில் ஒரு வரி எழுதியிருந்தேன். எழுத்து ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘மனுதாரர் மணமாகி இருபத்துநான்கு ஆண்டுகளாக மனைவியுடன் வாழ்பவர், ஒரு மகளின் தந்தை, கட்டுரையில் பேசப்படும் பழக்கம் எதுவும் இல்லாதவர்.’

கையெழுத்துப் போட வந்தவர் முழுவதையும் நிதானமாகப் படித்தார். அந்த வரிக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒரே கோடாக அடித்தார்.

“இது வேண்டாம், வக்கீல் சார்.”

“உண்மைதானே சார்?”

“உண்மைதான். இதைச் சொல்லி நான் தப்பிச்சிட்டேன்னு வைங்க. நாளைக்கு இப்படிச் சொல்ல முடியாத ஒருத்தர் இதே நாற்காலியில வந்து உட்காருவார். அவருக்கு என்ன எழுதுவீங்க?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. நீதிபதியும் மனிதர்தான், எதிர்த்தரப்பு ஜாடையாக ஏதாவது சொல்லும், முன்கூட்டியே வாயை அடைத்துவிடலாம் என்று ஏதேதோ சொன்னேன். பத்து வருடமாக எத்தனையோ கட்சிக்காரர்களுக்கு இதே மாதிரி வரி எழுதியிருக்கிறேன். நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர், கௌரவமானவர் என்று எழுதினால் தரப்பு கனக்கும் என்று என் சீனியர் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்படி எழுத முடியாதவரை அந்த வரி எங்கே தள்ளுகிறது என்று அன்றுவரை நான் யோசித்ததே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா அதுவரை பேசவில்லை. “இருபத்தி நாலு வருஷம் நான் இவரோட இருக்கேங்கறதைக் கோர்ட்ல யாருக்கும் காட்ட வேண்டியதில்ல, தம்பி. அவர் சொல்றபடியே இருக்கட்டும்” என்றார்.

அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பத் தட்டச்சு செய்தோம்.

கோடை விடுமுறைக்கு முன்னால் நோட்டீஸ் ஆயிற்று. ஜூனில் இறுதி விசாரணை. நான் நினைத்தபடியே நிர்வாகத் தரப்பு வக்கீல் தன் வாதத்தின் நடுவில், “மனுதாரருக்கு இதில் சொந்த அக்கறை என்னவென்று பிரமாணப் பத்திரம் மௌனமாக இருக்கிறது” என்றார். பின்வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. நீதிபதி உடனே, “அது இந்த வழக்கில் கேள்வியே இல்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகு நீட்டிப்பு உத்தரவு வாங்கினீர்களா, அதைச் சொல்லுங்கள்” என்றார். வாங்கவில்லை. பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. மூன்று பக்க உத்தரவு. சஸ்பென்ஷன் சட்டப்படி முடிந்துவிட்டது, உடனே பணியில் சேர்க்க வேண்டும், சம்பள பாக்கியைக் கொடுக்க வேண்டும், விசாரணையைச் சட்டப்படி தொடர நிர்வாகத்துக்கு உரிமை உண்டு.

வராந்தாவில் அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். பிறகு, “கட்டுரையை ஜட்ஜ் படிச்சிருப்பாரா?” என்று கேட்டார்.

தெரியாது என்றேன். விடைத்தாளை யாரும் பார்க்கவில்லை, குஷ்பு வழக்கை நான் வாசிக்கவே இல்லை. வாசிக்கத் தேவை வரவில்லை. வழக்கைக் குறுகிய வழியில் ஜெயிப்பது என் கடமை, அதைச் செய்தேன். ஆனால் அவர் எதற்காக வந்தாரோ அது நடக்கவில்லை. நடந்ததாக அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “டென்வர்லயும் இப்படித்தானே ஆச்சு” என்று அவரே சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடிக்கப் போனார்.

அதற்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விசாரணையை நடத்தவும் இல்லை, மெமோவைத் திரும்பப் பெறவும் இல்லை. மெமோ நிலுவையில் இருக்கும்போதே 2016இல் அவர் ஓய்வுபெற்றார். அதைக் காட்டி ஓய்வூதியப் பணப்பயன்களை நிறுத்தினார்கள். மறுபடியும் ரிட். மறுபடியும் தாமதம் என்ற காரணத்தில்தான் ஜெயித்தோம். 2017 கடைசியில் பணம் வந்தது. இத்தனைக்கும் நடுவில் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. திருநங்கையர் உரிமை பற்றிய 2014 ஏப்ரல் தீர்ப்பு, அந்தரங்க உரிமை பற்றிய 2017 ஆகஸ்ட் தீர்ப்பு, இரண்டைப் பற்றியும் அதே சின்ன இதழ்களில் எழுதினார். எனக்கு ஒரு பிரதி தபாலில் வந்துவிடும்.

2018 செப்டம்பர் 6ஆம் தேதி, நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து கௌஷல் தீர்ப்பு தவறு என்றார்கள். வயதுவந்தவர்கள் மனமொப்பிக் கொள்ளும் உறவு இனிக் குற்றமல்ல. இந்த மக்களிடமும் அவர்கள் குடும்பத்திடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார். இயற்கை என்ற அந்தப் பழைய சொல்லையும் இந்தமுறை நீதிபதிகள் எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். சாயங்காலம் பேராசிரியருக்கு நானே போன் செய்தேன். தீர்ப்பைப் படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கண் சரியில்லை, மகள் வாசித்துக் காட்டுகிறாளாம்.

“வக்கீல் சார், இதுல மனு போட்டவங்க தங்களோட சொந்தப் பேரைப் போட்டு, நான் இப்படித்தான், இவரோடதான் வாழறேன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க இல்ல?”

“ஆமா சார். ஒரு டான்ஸர், ஒரு பத்திரிகையாளர், ஹோட்டல் நடத்துறவங்க. ஐந்து பேர்.”

“அந்தப் பத்திகள் மட்டும் எனக்கு வேணும். தீர்ப்புல சுருக்கமா இருக்கும். அவங்க எழுதினபடியே வேணும்.”

டெல்லியில் வக்கீல் தொழில் செய்யும் நண்பரிடம் மனுவின் நகலைக் கேட்டு வாங்கினேன். அந்தப் பக்கங்களை அவர் மகளுக்கு வாசிக்க வசதியாகக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எடுத்து, மறுவாரம் தபாலில் அனுப்பினேன்.